ரங்கூன் விமானமும் கம்பம் பஸ்ஸும்

இதைத் தப்பில்லாமல் சொல்லிவிடுவேனா என்று பயமாக இருக்கிறது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். யுத்த காலத்தில் மைல் கணக்கை முன்னே பின்னே சொன்னால் வதந்தி பரப்பினாள் என்று பிடித்துக்கொண்டு போவார்களாம். ஆகவே சர்க்கார் சொன்னதை மட்டும் சொல்கிறேன்.

என் மகள் சுருளியம்மாளுக்குப் புதன்கிழமை விடியற்காலை முகூர்த்தம். மாப்பிள்ளை தேனியை ஒட்டிய அல்லிநகரம். முதல் நாள் பந்தலில் அடுப்பு வெட்டிக்கொண்டிருந்தபோது, விமான அபாயத் தடுப்பு அதிகாரி வந்து நின்றார்.

"திங்கட்கிழமை மதராஸில் அபாயச் சங்கு ஊதிவிட்டது. ரங்கூனிலிருந்து புறப்பட்ட எதிரி விமானம் புதன் விடியற்காலை இவ்வூரை வந்தடையும். அன்று விளக்கோ அடுப்போ எரியக் கூடாதென இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுகிறது."

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "அய்யா, வெளக்கில்லாமத் தாலி கட்டச் சொன்னா மாப்ள வீட்டுக்காரக எந்திரிச்சுப் போயிருவாக!"

என் தம்பி கோட்டைச்சாமி குறுக்கே வந்தான். "ரங்கூன்லருந்து மதராசுக்கு அது எம்புட்டு நேரத்துல வருதுங்கய்யா?"

"ஆயிரத்துச் சொச்சம் மைல். ஆறேழு மணி நேரம்."

"கடலையே அம்புட்டு வெரசாத் தாண்டுது. மதராஸ்லருந்து இங்கன வர ரெண்டு நாளா?"

அதிகாரி அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "கடலுக்கு விதி கிடையாது. தரைக்கு உண்டு. இவ்வூருக்கு அங்கீகரிக்கப்பட்ட மார்க்கம் மதுரை வரை ரயில், அங்கிருந்து தேனிக்கு பஸ், தேனியில் மாறிக் கம்பம் பஸ். கலெக்டரே அப்படித்தான் வர வேண்டும். எதிரிக்கு மட்டும் விலக்கா?"

எனக்கு நியாயமாகத்தான் பட்டது. அதனால்தான் கேட்டேன்: "கம்பம் பஸ்ஸு ஆள் நெறயாமக் கெளம்பாதே அய்யா?"

அதிகாரி திடுக்கிட்டார். அவரும் அந்த பஸ்ஸில் உட்கார்ந்து வெந்தவர்தான். நோட்டை எடுத்து எழுதிக்கொண்டே வாசித்தார்.

"பஸ் நிறையும் வரை விமானத்தின் வருகை ஒத்திவைக்கப்படுகிறது. விளக்கேற்றத் தடையில்லை."

மாப்பிள்ளை வீட்டார் மாட்டு வண்டி கட்டி வந்து சேர்ந்தார்கள். தாலி ஏறியது. அதிகாரியையும் அழைத்திருந்தோம், முதல் பந்தியிலேயே உட்கார்ந்தார். பாயசம் ஊற்றும்போது தலைக்கு மேலே பேரிரைச்சல். தாழப் பறந்து ஒரு விமானம் சுருளி மலைப் பக்கம் போனது. இலையை விட்டு எல்லோரும் எழுந்தார்கள்.

அதிகாரி எச்சில் கையை உயர்த்தினார். "பதற்றம் வேண்டாம். அறிவிக்கப்பட்ட விமானம் இன்னும் தேனியில் நிற்கிறது. இதற்கும் நமக்கும் சம்பந்தமில்லை."

"அதானே! இன்னும் பஸ்ஸே வரலயே" என்று சம்பந்தி சங்கிலியம்மாள் உட்கார்ந்து இன்னொரு கரண்டி பாயசம் கேட்டாள். ஊரே உட்கார்ந்தது.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீட்டுக்கு வர வேண்டிய நாள் நெருங்கியது. அவர்களும் தேனியில்தான் கம்பம் பஸ் ஏற வேண்டும். இந்த இரண்டு பேர் ஏறி, அதனாலேயே பஸ் நிறைந்து கிளம்பிவிட்டால்?

"சண்டை முடியட்டும், அங்கனயே இருங்க" என்று கோட்டைச்சாமியிடம் சொல்லியனுப்பினேன். அவனையும் நடந்தே போய் நடந்தே திரும்பச் சொன்னேன்.