வெற்றிலை போட்ட தொக்கம்

ஞாயிற்றுக்கிழமை சித்தையன்கோட்டைக்குப் போய்ப் பாருங்கள். பஸ்ஸில் இறங்கும் பாதிப் பேர் கையில் பிள்ளை இருக்கும். எல்லாரும் சுருளிவேலிடம் தொக்கம் எடுக்க வந்தவர்கள். பால் குடிக்காத பிள்ளையின் வயிற்றில் ஏதோ சிக்கியிருக்கிறதாம், அதுதான் தொக்கம். சுருளிவேல் பிள்ளையின் வயிற்றில் பித்தளைக் குழலை வைத்து உறிஞ்சுவார், துப்புவார், கறித்துண்டு விழும். போன வாரம் ஆறு மாதப் பிள்ளையிடம் பரோட்டாவே எடுத்தாராம். அதற்குப் பரோட்டா பிய்த்துப் போட்ட மகராசன் யார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

கௌசல்யாவின் ஐந்து மாதக் குழந்தை இரண்டு நாளாக வாந்தியெடுத்துத் துவண்டு கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ பிடித்தாள். மாமியார் மாயக்காள் அதைச் சுருளிவேல் வீட்டுக்குத் திருப்பிவிட்டாள்.

“தொக்கம் எடுக்காம ஊசி போட்டா பிள்ளை தாங்காதுத்தா.”

“செத்த நேரந்தான் அத்தை. அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போயிறணும்.”

வரிசையில் நின்றபடி கௌசல்யா கவனித்தாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னால் சுருளிவேல் சாமி கும்பிட உள்ளே போனார். வெளியே வந்தால் வாயே திறப்பதில்லை, கையால்தான் ஜாடை. மௌன விரதமாம். துப்பியதும் விரதம் முடிந்துவிடும். கொண்டுவந்தவர்கள் கொடுக்கும் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்.

இவள் முறை வந்தது. உள்ளே போய்விட்டு வந்தவரிடம் வெற்றிலை பாக்கை நீட்டினாள்.

“மொதல்ல வெத்தலை போட்டுக்கங்கண்ணே.”

அவர் தலையாட்டி மறுத்தார்.

“பிள்ளைக்காகக் குடுக்குற வெத்தலையத் தள்ளுனா பிள்ளைக்கு ஆகாதுண்ணே.”

“ஆமப்பா, போட்டுக்க,” என்றது கூட்டம். ஒரு மூடநம்பிக்கை உருப்படியான வேலை செய்ததை நான் கேள்விப்பட்டது அன்று ஒருநாள்தான்.

வேறு வழியில்லாமல் மென்றார். குழலை வைத்தார், உறிஞ்சினார், துப்பினார். கறித்துண்டு விழுந்தது, செக்கச்செவேலென்று.

பின்னால் பேத்தியோடு நின்ற குர்ஷித் பேகம் குனிந்து பார்த்தார். “ஏம்ப்பா, இந்தப் பச்சப்புள்ள எப்ப வெத்தலை போட்டுச்சு?”

“அது... ரத்தம்மா.”

“ரத்தத்துல பாக்குமா கெடக்கும்?”

கௌசல்யா மாமியாரைப் பார்த்தாள். “தாய்ப்பாலத் தவிர எம்புள்ள எதையும் தொட்டதில்ல அத்தை. கறி இவரு வாயிலதான் இருந்திருக்கு.”

மாயக்காள் பிள்ளையை வாங்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினாள்.

குளுக்கோஸ் ஏற்றினார்கள். உடம்பில் நீரே இல்லை, அரை நாள் தாமதித்திருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். மறுநாள் குழந்தை பால் குடித்தது. பெற்றவள் அழுதாள். மாமியார் அவளைவிட அதிகமாக அழுதாள்.

கூட்டம் திருந்திவிட்டதா என்று கேட்கிறீர்களா? அடுத்த ஞாயிறு தொப்பம்பட்டிக்கு பஸ் ஏறியது. அங்கே ஒருத்தர் இருக்கிறாராம், வெற்றிலையையே தொட மாட்டாராம்.

பிள்ளை வயிற்றில் எதுவும் சிக்கவில்லை ஐயா. சிக்கியிருப்பது நம் மண்டையில். அதை உறிஞ்சி எடுக்க எவனிடமும் குழல் கிடையாது. நாம்தான் யோசித்துத் துப்ப வேண்டும்.