பெரியப்பாவின் கார்டைக் கழற்ற அனுமதி கோரி

மதிப்பிற்குரிய பெரியப்பாவுக்கு,

தங்கள் தம்பி மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். கணினி நலமில்லை. அங்கே தங்கள் மூட்டுவலியும் பெரியம்மாவின் புதுக் கண்ணாடியும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல்.

இதைக் கடிதம் என்பதைவிட அறிவிப்பு என்று சொல்லலாம். அப்பா லிஃப்ட் பரிசோதகராக இருந்த காலத்து விதி ஒன்று உண்டாம். எந்தப் பாகத்தையும் கழற்றுவதற்கு முன், அதைப் பொருத்தியவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என் கணினிக்குள், திரையில் படம் வரைந்துகாட்டும் கிராபிக்ஸ் கார்டைப் பொருத்தியவர் தாங்கள். போனில் சொல்லலாமே என்றேன். "எடுத்தாத்தானே" என்றார் அப்பா. ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

எனவே எழுத்தில்.

காரணம் இது. நான் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது ஓர் உள்ளரங்க வடிவமைப்பு அலுவலகத்துக்கு. இன்னும் தற்காலிகம்தான். யாரும் கட்டாத அறைகளைக் கணினிக்குள் கட்டி, கட்டப்போகிறவரை அதற்குள் நடக்கவைப்பது என் வேலை. போன வாரம் ஒரு பல் டாக்டர் வீடியோ அழைப்பில் என் திரையைப் பார்த்தபடி தன் வருங்கால கிளினிக்குக்குள் நடந்தார். வாசல் வரை நன்றாக நடந்தார். வாசலில் திரை நின்றுவிட்டது. ஒரு பாதியில் கதவு. மறு பாதியில் சுவரின் உட்புறம். டாக்டர் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு, "பேஷன்ட் சுவத்துக்குள்ளதான் உக்காரணுமா?" என்று கேட்டார். என் மேலாளர் சிரித்தார். அது நல்ல சிரிப்பு இல்லை. வரும் வியாழக்கிழமை டாக்டர் மறுபடி நடக்கிறார். நிற்காமல் நடந்தால் எனக்கு வேலை நிரந்தரம், அலுவலகத்தில் ஜன்னலோரம் ஒரு மேசை. நின்றால் டாக்டர் வேறு அலுவலகத்தில் நடப்பார். நானும் வேறு அலுவலகம் தேடி நடப்பேன்.

புது கார்டு வாங்க முடிவானது. எந்தத் தலைமுறை என்பதுதான் முடிவாகவில்லை.

கார்டின் பெயரில் முன்னால் வரும் எண் தலைமுறை, பின்னால் வருவது அந்தத் தலைமுறைக்குள் அதன் தகுதி என்று அப்பாவுக்கு விளக்கினேன். உடனே புரிந்துகொண்டார், தேவைக்கு அதிகமாகவே. "அப்ப முன்னாடி இருக்கிறது எந்த வீட்டுப் பிள்ளைன்னு சொல்லுது. பின்னாடி இருக்கிறது மூத்தவனா இளையவனான்னு சொல்லுது." அத்தோடு எங்கள் வீட்டில் எண்கள் ஒழிந்தன. உறவுமுறை மட்டும்தான்.

தங்கள் கார்டு இரண்டு தலைமுறைக்கு முந்தைய வீட்டின் மூத்த பிள்ளை, இப்போதைய தலைமுறையின் கடைக்குட்டி வேகத்தில் அதற்குச் சமம், கரண்டு மட்டும் பாதிதான் குடிக்கும், ஆனால் நினைவகம் அதே அளவு, போன தலைமுறையின் நடுப்பிள்ளைக்கு நினைவகம் கூடுதல், ஆனால் சூடும் கோபமும் அதிகம், இப்போதைய தலைமுறையின் மூத்த பிள்ளை எல்லாவற்றிலும் சிறந்தது, அதை வாங்கினால் நாங்கள் வாசலில் போய் உட்கார வேண்டியதுதான், இதையெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள் அப்பா, வேகமெல்லாம் கிடக்கட்டும், எத்தனை பேர் ஏறலாம் அதைச் சொல்லு என்கிறார், ஏனென்றால் அவருக்கு நினைவகம் என்பது லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் ஆள் கணக்கு. புதுத் தலைமுறைக்கு ஒரு வித்தை தெரியும், இரண்டு காட்சிகளுக்கு நடுவில் இல்லாத காட்சிகளைத் தானே ஊகித்து நிரப்பிவிடும் என்றேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலை நிமிராமல், "உங்கப்பா ரொம்ப வருஷமா அதைத்தான் செய்யறார். நடந்தது ரெண்டுதான் இருக்கும்" என்றார்.

கடைக்குப் போனோம். இஞ்சு டேப்பும் வந்தது. அப்பாவுக்கு நடுப்பிள்ளையைப் பிடித்துவிட்டது. அதுக்கு உங்க பவர் சப்ளை பத்தாது சார் என்றார் கடைக்காரர். சரி, அதையும் மாத்து என்றார் அப்பா. கார்டு நீளம், உங்க பெட்டிக்குள்ள போகாது சார். சரி, பெட்டியையும் மாத்து. இனி சொன்னா நம்ப மாட்டீங்க பெரியப்பா, அந்தப் புதுப் பெட்டி மேசைக்கு அடியில நுழையாது, பெரிய மேசை போட்டா ரூம் கதவு முழுசாத் திறக்காது, கதவையே கழட்டிடலாம்னு அப்பா கடையில நின்னுக்கிட்டு முடிவே பண்ணிட்டார். கதவை மாட்டின தச்சருக்கு முதல்ல அறிவிப்பு எழுதணுமேன்னு அம்மா ஞாபகப்படுத்தினாங்க. அதனால கதவு தப்பிச்சது.

கடைசியில் கடைக்குட்டி. உடம்பு சின்னது, சாப்பாடு கம்மி, இருக்கும் பெட்டிக்குள் அடங்கும். நமக்காக எடுத்து வைத்திருக்கிறார்கள்.

இனி எழுதுவது கடினமான பகுதி.

நான் படிக்கும்போது நீங்கள் உங்கள் சொந்தக் கணினியைத் திறந்து இந்தக் கார்டைக் கழற்றிக் கொடுத்தீர்கள். "இது அசையாது. நீ அசைஞ்சாலும் இது அசையாது" என்றீர்கள். அதுவரை நீங்கள் சாயங்காலம் தோறும் கணினியில் விமானம் ஓட்டுவீர்கள். காதில் ஹெட்போன், பெரியம்மாவுக்கு இறங்கும் அறிவிப்பு. கார்டு இல்லாமல் விமானம் எழும்பவில்லை. நீங்கள் சீட்டாட்டத்துக்கு இறங்கிவிட்டீர்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரியம்மா சொல்லித்தான் தெரியும்.

பிறகு போன வருடம் இங்கே சுவருக்குப் பெயின்ட் அடித்தோம். அதற்குப் பிறகுதான் கணினி மந்தமானது. அதற்குப் பெயின்ட் வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்பது அம்மாவின் கட்சி. நீங்கள் வந்திருந்தபோது அப்பா உங்கள் முகத்துக்கு நேராகவே சொன்னார். "உன் கார்டு பழசாயிடுச்சுண்ணா. உன்னை மாதிரியே." வேடிக்கையாகத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. நீங்கள் டம்ளரை வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினீர்கள்.

அப்பா இப்போதும் போன் செய்கிறார். மணி அடித்து அடித்துத் தானாக நிற்கும் வரை காதிலேயே வைத்திருக்கிறார். பிறகு, வெளியில போயிருப்பான் என்கிறார். எல்லா முறையும் வெளியில்.

ஆகவே, மேற்படி கார்டைக் கழற்ற அனுமதி வேண்டுகிறேன். துடைத்து, பஞ்சு சுற்றி அனுப்பிவைப்பேன். நீங்கள் மறுபடி விமானம் ஓட்டலாம். மறுப்பு இருந்தால் பதில் எழுதவும். மறுப்பு இல்லாவிட்டாலும் எழுதவும்.

பெரியம்மாவுக்கு என் அன்பு. தங்கள் இருவரின் ஆசியும் எப்போதும் போல் வேண்டும். வியாழக்கிழமை மட்டும் கொஞ்சம் கூடுதலாக.

இப்படிக்கு,
தங்கள் தம்பி மகள்

பின்குறிப்பு: மேலே உள்ளதை ரத்து செய்துகொள்ளவும்.

உறையை ஒட்டுவதற்கு முன், எவ்வளவு பஞ்சு வேண்டியிருக்கும் என்று பார்ப்பதற்காகக் கணினிப் பெட்டியைத் திருப்பினேன். அதன் முதுகில் திரையின் வயரைச் செருக இரண்டு இடம். மேலே இருப்பது கணினியோடு பிறந்தது. கடிதம் அடிக்க, படம் பார்க்கப் போதுமான பலம். கீழே இருப்பது உங்கள் கார்டுடையது. வயர் மேலே இருந்தது. கீழே, உங்கள் கார்டின் வாயில், கச்சிதமாக ஒரு கறுப்பு ரப்பர் மூடி.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார். நிமிர வெகுநேரம் ஆனது.

"பெயின்ட்காரங்க வந்தப்ப நான்தான் வயரைப் பிடுங்கினேன்" என்றார். "திருப்பிக் குத்தினேன். கண்ணுல பட்ட முதல் ஓட்டைல."

"மூடி?"

"இன்னொரு ஓட்டை தொறந்து கிடந்துச்சு. தொறந்த ஓட்டைன்னா தூசி போகும்."

நீங்கள் பொருத்திய அன்று எடுத்து டிராயரில் போட்ட மூடியாம். தேடி எடுத்து மாட்டியிருக்கிறார். லிஃப்ட் கிணற்றுக்குள் திறந்த ஓட்டை எதையும் விட்டுவைக்காத மனிதர்.

ஆக, இத்தனை நாளும் உங்கள் கார்டு உள்ளே விசிறியைச் சுற்றிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது. வேலை செய்தது வேறு யாரோ. பழசு என்ற பேச்சு மட்டும் இதற்கு.

மூடியைக் கழற்றினேன். வயரை மாற்றினேன். கிளினிக்குக்குள் நடந்தேன். வாசல். வரவேற்பறை. நாற்காலி. கை கழுவும் குழாயில் விழும் வெளிச்சம். எங்கும் நிற்கவில்லை. அப்பா மவுஸை வாங்கிக்கொண்டு அந்தக் கதவு வழியாகவே போய்ப் போய் வந்தார். கடைக்குட்டி வேண்டாமென்று கடைக்குச் சொல்லியாகிவிட்டது. வியாழக்கிழமை டாக்டர் உங்கள் கார்டில்தான் நடக்கப்போகிறார்.

பிறகு அப்பா, "புதுசு வாங்கலைன்னு மட்டும் எழுது. வயரெல்லாம் எதுக்கு" என்றார்.

அம்மா, "விதி விதின்னு சொல்வீங்களே, தப்பு யார் மேலன்னு எழுதற விதி கிடையாதா?" என்றார்.

அப்பா என் பேனாவை வாங்கினார். கீழே இருப்பது அவர் கையெழுத்து. லிஃப்ட் சான்றிதழ்களில் எழுதுவாரே, அதே சாய்வெழுத்து.

பரிசோதித்தேன். பொருத்தியதில் குறை இல்லை. குறை பரிசோதகர் மேல்.
போனை எடுண்ணா.
– தம்பி