சங்கிலி அண்ணாச்சி ஓடி வருகிறார்

பந்து வீசுகிறவரைக் கண்டு மட்டை பிடித்தவர் மட்டுமல்ல, நடுவரும், எல்லைக்கோட்டுக்கு வெளியே மேய்ந்த வெள்ளாடும் சேர்ந்து உயிர் தப்ப ஓடிய ஒரே ஊர் எங்கள் அருப்புக்கோட்டையாகத்தான் இருக்கும். பந்து வீசியவர் சங்கிலி அண்ணாச்சி.

எழுபதுகளின் தொடக்கத்தில் நானும் அவரும் ஒரே அரசாங்க அலுவலகத்தில் இருந்தோம். அவர் சர்வேயர், நான் தற்காலிக டைப்பிஸ்ட். நிலம் அளக்கும் அறுபத்தாறு அடிச் சங்கிலிதான் அவருக்கு வேதம். வீட்டில் துணி காயப்போடக் கொடி கட்டுவதென்றாலும் அதைத்தான் எடுப்பார். "கண்ணு பொய் சொல்லும் தம்பி, சங்கிலி சொல்லாது" என்பார். கிரிக்கெட் பிட்ச்சின் நீளமும் சரியாக ஒரு சங்கிலி என்று யாரோ அவரிடம் சொல்லித் தொலைத்தார்கள். அன்றைக்கே மனிதர் வேகப்பந்து வீச்சாளராகிவிட்டார்.

ஓடி வரும் தூரமும் ஒரு சங்கிலி. ஆள் நூறு கிலோவுக்குக் குறையமாட்டார். பந்தை விட்ட பிறகும் அவரால் நிற்க முடியாது. பந்து முன்னால் வரும், பின்னாலேயே அண்ணாச்சி வருவார். பந்தைத் தடுத்து ஆடியவர்கள் உண்டு, அண்ணாச்சியைத் தடுத்து ஆடியவர் யாருமில்லை. ஒருமுறை மூன்று குச்சிகளையும் வாரிக்கொண்டு போய் மோர்ப்பானைக்குள்தான் நின்றார். "அவுட்டாய்யா?" என்று கேட்டதற்கு, கருவேல மரத்துக்குப் பின்னாலிருந்து நடுவர், "மொதல்ல அவுகள தூக்குங்கய்யா" என்றார்.

அந்தக் குச்சிகளுக்குப் பின்னால் விக்கெட் கீப்பராக நின்ற பாவி நான். "டைப்பிஸ்டுக்குத்தான் கை சுறுசுறுப்பா இருக்கும்" என்று எங்கள் கேப்டனான ஹெட்கிளார்க் முடிவு செய்துவிட்டார். கையுறை ஒன்றே ஒன்று, இடது கைக்கு. பந்தோ கருங்கல் மாதிரி கார்க் பந்து. நூல்கடைக்காரர்கள் அணியோடு ஞாயிற்றுக்கிழமை மேட்ச், மறுநாள் திங்கட்கிழமை எனக்கு டைப்பிங் பரீட்சை. தேறினால் வேலை நிரந்தரம். ஒரு விரல் போனாலும் வேலை போச்சு. அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

பயத்தை அண்ணாச்சியிடமே சொன்னேன். மறுநாள் சாயங்காலம் ஒரு சாக்கு நிறைய காலிப் பதநீர்க் கலயங்களோடு வந்து நின்றார். ஒவ்வொன்றாக என்மேல் எறிந்தார். ஏழு கலயம் என் கையில் உடைந்தது.

"ஏலே, சண்டைக்கா நிக்க? கைய வெறச்சுக்கிட்டு பிடிக்காத. அது வேகத்த சுமந்துக்கிட்டு வருதுல்ல? அத எங்கயாச்சும் எறக்கி வச்சாகணும். சட்டுன்னு எறக்குனா ஒன் விரலு மேல எறங்கும். கைய பின்னால இழுத்துக்கிட்டே போயி மெதுவா எறக்கு."

எட்டாவது கலயம் உடையவில்லை. எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

"அப்ப நீங்க எப்படி எறங்குவீக அண்ணாச்சி?"

"எனக்கு அரைச் சங்கிலி எடம் வேணும் தம்பி. சட்டுன்னு நின்னா எலும்பு தாங்காது."

வந்த உயிர் மறுபடி போய்விட்டது.

மேட்ச் நடந்தது வறண்ட கண்மாய்க்குள். பிட்ச்சை முந்தின நாளே அளந்து குச்சி ஊன்றியாகிவிட்டது. அண்ணாச்சியின் ஓட்டத்தை அளக்க மட்டும் பியூன் அவசரத்தில் பீரோவிலிருந்து வேறொரு சங்கிலியை அள்ளி வந்தான். அது ரோடு போடுகிறவர்கள் விட்டுப்போன நூறடிச் சங்கிலி. அண்ணாச்சி அதைப் பிடித்துக்கொண்டு போனார், போனார், போய்க்கொண்டே இருந்தார். கரையோரம் சின்னதாகத் தெரிந்தார்.

"அண்ணாச்சி! தூரம் சாஸ்தியா இருக்கு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"சங்கிலி சொல்லுது தம்பி! வாரேன்!"

வந்தார். புழுதி எழும்பியது. பந்து மட்டையின் ஓரத்தை உரசி என் முகத்துக்கு நேராக வந்தது. கை தானாகப் பின்னால் போனது. பிடித்துவிட்டேன்! நிமிர்ந்து பார்த்தால் மட்டைக்காரர் ஓடிவிட்டார். எதிரே அண்ணாச்சி, என்றைக்கும் இல்லாத வேகத்தில், நாலே எட்டில். கால் நகரவில்லை. பத்து விரலையும் பந்தோடு சேர்த்து நெஞ்சில் அணைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். வேலை போச்சு என்றுதான் நினைத்தேன்.

தொப்பென்று ஒரு சத்தம். என்மேல் எதுவும் விழவில்லை. கண்ணைத் திறந்தேன். காய்ந்து இறுகிய கரம்பை மண்ணில் அண்ணாச்சி பக்கவாட்டில் விழுந்து கிடந்தார், என் கால்விரலுக்கு ஒரு சாண் தள்ளி. வலது கை மடங்கக்கூடாத இடத்தில் மடங்கியிருந்தது.

"விரலு?" என்றார்.

"இருக்கு அண்ணாச்சி."

"எண்ணிப் பாத்தியா?"

பரீட்சையில் தேறினேன். அன்றைக்குப் பரீட்சை முடிந்து வந்தபோது, அண்ணாச்சி கட்டுப்போட்ட கையோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கை அதற்கப்புறம் தோளுக்கு மேலே எழும்பவில்லை, பந்தும் வீசவில்லை.

"சட்டுன்னு நின்னா எலும்பு தாங்காதுன்னு நீங்கதான சொன்னீக?" என்று கேட்டேன்.

"ஆமா. எனக்கு அரைச் சங்கிலி எடம் வேணும். நடுவுல நீயில்ல நின்ன?"

ஓய்வு பெற்றும் பல வருடம் ஆகிவிட்டது. இதையும் நானேதான் தட்டுகிறேன், பத்து விரலாலும். எண்ணிப் பார்த்துவிட்டேன் அண்ணாச்சி.