ரஃபீக்கின் கமெண்டுகளை நான் அப்டேட் செய்த கதை

நான் சொன்னால் யாரும் கேட்பதில்லை. வீட்டில் கேட்பதில்லை, உப்பளத்தில் மேஸ்திரி கேட்பதில்லை, எங்கள் தெரு நாய்கூட என் பேச்சைக் கேட்காது. நான் சொன்னதை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் அப்படியே செய்தது உலகத்திலேயே ஒரு கம்ப்யூட்டர்தான். அந்தப் புதன்கிழமை மட்டும் அதுவும் என்னை மதிக்காமல் இருந்திருக்கலாம்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். பெயர் குணா. மரக்காணம் உப்பளத்தில் வேலை. படிப்பு ஒன்பதாவது ஃபெயில். (இரண்டு தடவை. முதல் தடவை தற்செயல்.) ஆனாலும் நான் ஒரு எழுத்தாளன், ஏனென்றால் என்னிடம் ஒரு பிளாக் இருந்தது. யார் வீட்டு ஆடு யார் வீட்டுக் கல்யாணப் பந்தலின் வாழை மரத்தைத் தின்றது, மேஸ்திரி வெயிலில் எப்படி நடப்பார், மழையில் உப்பு கரைந்த அன்று முதலாளி எப்படி மூக்கைச் சிந்தினார் என்று ஊரையே கிண்டல் செய்து எழுதுவேன்.

பிளாக் ஆரம்பித்தது என் ஐடியா இல்லை. ரஃபீக்குடையது. அவன் கோட்டக்குப்பத்துக்காரன். மரக்காணத்தில் ஒரு மொபைல் கடையில் வேலை பார்த்தான். உப்புப் பாத்தித் தண்ணீரில் விழுந்த போனைத் தூக்கிக்கொண்டு அடிக்கடி போய் அவனுக்கு சிநேகிதன் ஆனேன். (உப்புத் தண்ணீரில் விழுந்த போன் பிழைக்காது. அவனும் பிழைக்க வைத்ததில்லை. டீ மட்டும் வாங்கிக் கொடுப்பான்.)

துபாய்க்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பிளாக்கை அமைத்தான். பாஸ்வேர்டை என் உள்ளங்கையில் பேனாவால் எழுதினான்.

"டேய், அங்க ரூம்ல எட்டு பேரு. ஒருத்தன் பேச்சு ஒருத்தனுக்குப் புரியாது. நீ இங்க உளர்றத எல்லாம் இதுல எழுதிப் போடு. நான் படிச்சிக்கிறேன்."

"நல்லா இல்லன்னா?"

"நல்லா இருக்காதுன்னு தெரிஞ்சிதான்டா சொல்றேன்."

நாலு வருஷம் எழுதினேன். நாலு வருஷமும் அவன் கமெண்ட் போட்டான். ஒரு பதிவு விடமாட்டான். "ஒன்பதாங்கிளாஸ் ஃபெயிலானவன் எழுதறான், ஒன்பதாங்கிளாஸ் பாஸானவன் படிக்கிறேன். ரெண்டு பேருக்கும் வெக்கம் இல்ல." இது ஒன்று. "உன் கட்டுரைய ரூம்ல இருக்கிற மலையாளிக்குப் படிச்சிக் காட்டினேன். அவனுக்குத் தமிழ் தெரியாது, தப்பிச்சிட்டான்." இது இன்னொன்று. மற்றவற்றை இங்கே எழுத முடியாது. குடும்பத்தோடு படிக்கிறவர்கள் இருப்பீர்கள்.

ஐந்தாவது வருஷம் ரஃபீக் செத்துப்போனான். ரூமில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு என்றார்கள். இருபத்தாறு வயசு. உடம்பைக் கொண்டுவர முடியவில்லை, அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டார்கள். ஊருக்கு ஒரு பெட்டி மட்டும் வந்தது. அதில் துணிகள், ஒரு வாட்ச், பூட்டிய போன். அந்தப் பூட்டைத் திறக்க விரலால் போடும் கோலம் யாருக்கும் தெரியவில்லை.

அதனால் அவன் பேச்சு என்று மிச்சம் இருந்தது என் பிளாக்கில் மட்டும்தான். அவன் தங்கை ஷமீமா அதைக் கண்டுபிடித்தாள். வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் போனைத் திறந்து, அவன் போட்ட கமெண்டுகளை அவர்களுடைய அம்மாவுக்குப் படித்துக் காட்டுவாள். என் பதிவை அவர்கள் படிப்பதில்லை. அதைத் தள்ளிவிட்டு, கீழே இருக்கிற திட்டை மட்டும் படிப்பார்கள். வாராவாரம். எட்டு மாசம்.

இனி புதன்கிழமை.

என் பிளாக் சாஃப்ட்வேரின் உச்சியில் ரொம்ப நாளாக ஒரு மஞ்சள் பட்டை நின்றுகொண்டிருந்தது. புதிய பதிப்பு வந்துவிட்டது, மேம்படுத்துங்கள் என்று. இரண்டு வருஷம் அதைக் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் ஒரு மெயில் வந்தது. பழைய பதிப்பு இந்த மாசத்தோடு ஓடாது, பிளாக் திறக்காது என்று. பயந்துபோனேன். அதைக் காப்பாற்றத்தான் போனேன் என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

ஏழுமலை அண்ணனின் ஜெராக்ஸ் கடையில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. போய் உட்கார்ந்தேன்.

"இன்னாடா பண்ணப் போற?"

"அப்டேட்டுண்ணே."

"பேக்கப் எடுத்தியா?"

"அதெல்லாம் எடுத்துட்டேன்."

எடுத்திருந்தேன். பெரிய ஃபோல்டர் ஒன்றை பென் டிரைவில் போட்டு சட்டைப் பையில் வைத்திருந்தேன். அதில் இருந்தது படங்கள் மட்டும். எழுத்தும் கமெண்டும் டேட்டாபேஸ் என்ற வேறொரு கிடங்கில் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியாது. (இங்கிலீஷில் எழுதியிருந்தது. நான் இங்கிலீஷைப் படிக்கும்போது நடுவில் தெரியாத வார்த்தை வந்தால் மரியாதையாக ஒதுங்கிப் போய்விடுவேன்.)

பட்டையை அழுத்தினேன். கொஞ்ச நேரம் சுற்றியது. அப்புறம் திரை முழுக்க வெள்ளை. ஒரு எழுத்து இல்லை. உப்பளத்துக்காரனுக்கு வெள்ளை என்றால் நல்ல சேதி. நான் சந்தோஷமாக ஒரு டீ சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். டீ வந்தது. பிளாக் வரவில்லை.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. அது எப்போதாவது செய்யும், செய்தால் ஆள் காலி.

பொங்கலுக்கு முந்தின வாரம் அது. அளத்தில் புது சீசனுக்குத் தயார் பண்ணுகிற நேரம். மழைக்காலத்தில் பாத்தியில் நின்ற தண்ணீரை வெளியேற்றி, அடியில் தங்கின சேற்றையும் பழைய உப்பையும் சுரண்டி எடுத்து, தரையைக் காலால் மிதித்து இறுக்கி, அதற்குப் பிறகுதான் புதுத் தண்ணீர் பாய்ச்சுவோம். பழசு கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் புது உப்பு கறுத்துவிடும். இந்த உலகத்தில் எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே வேலை இதுதான். அன்று காலையில்கூட அதைத்தான் செய்துவிட்டு வந்திருந்தேன்.

பிளாக்கை வைத்திருக்கும் கம்பெனியின் கண்ட்ரோல் பக்கத்துக்குள் போய்ப் பார்த்தேன். புரியாத பெயர்களில் வரிசையாகப் பன்னிரண்டு அட்டவணைகள் கிடந்தன. பழைய பதிப்பு விட்டுப்போன சேறு என்று முடிவு பண்ணினேன். எல்லாவற்றையும் டிக் பண்ணினேன். நீக்கு என்றேன்.

"இன்னாவோ கேக்குதுடா," என்றார் ஏழுமலை அண்ணன், தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து.

"நிச்சயமான்னு கேக்குதுண்ணே."

"நிச்சயமா?"

"சேத்தோட தண்ணி வுட்டா உப்பு எப்பிடிண்ணே வெள்ளையா வரும்?"

அவருக்கு இது நியாயமாகப் பட்டது. அவரும் ஒரு காலத்தில் அளத்தில் வேலை பார்த்தவர். ஆம் என்று அழுத்தினேன். கம்ப்யூட்டர் கீழ்ப்படிந்தது.

புதுப் பதிப்பைப் போட்டதும் பிளாக் பளபளவென்று திறந்தது. அதில் ஒரே ஒரு பதிவு. சாஃப்ட்வேர்காரர்கள் மாதிரிக்கு வைத்தது. அதன் கீழே ஒரே ஒரு கமெண்ட். "வணக்கம், இது ஒரு கமெண்ட்." அதை எழுதியவன் மனுஷனே இல்லை.

"சூப்பரா சுத்தமா இருக்குதுடா," என்றார் ஏழுமலை அண்ணன்.

பக்கத்தை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தேன். என் பதிவுகள் போனது பெரிதில்லை, அது ஊருக்கே நிம்மதி. ஆனால் நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை.

பிளாக்கை வைத்திருக்கும் கம்பெனிக்கு போன் பண்ணினேன். எடுத்த பெண் ரொம்ப மரியாதையாகப் பேசினாள். "சார், நீங்களே டெலீட் பண்ணியிருக்கீங்க சார். பேக்கப் எங்ககிட்ட இல்ல சார்." அத்தனை சாரை அதற்கு முன் யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. கமெண்ட் வந்தால் மெயில் வருமே என்று தேடினேன். ஓயாமல் இவன் திட்டு மெயிலாகவும் வருகிறதே என்று, நாலு வருஷத்துக்கு முன்பே அதை நிறுத்தி வைத்திருந்தேன். நானேதான். நான் தொட்ட வேலைகளில் அது ஒன்றுதான் பிசகாமல் நடந்திருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு நல்ல மனுஷன் என்ன செய்வான்? போய் உண்மையைச் சொல்லுவான். நான் வியாழக்கிழமை அளத்துக்கு லீவு போட்டுவிட்டு, ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து, அந்த ஒற்றை மாதிரிப் பதிவுக்குக் கீழே ரஃபீக் பெயரில் நாற்பது கமெண்ட் எழுதினேன்.

அவன் எழுதியது எனக்குத் தெரியாதா? நாலு வருஷம் படித்திருக்கிறேனே. ஆனால் உட்கார்ந்து எழுதப்போனால் வரவில்லை. திட்டு வாங்குகிறவனுக்குத் திட்டு ஞாபகம் இருப்பதில்லை, சுருக்கென்றது மட்டும்தான் இருக்கிறது. செத்தவன் பெயரைப் போட்டுக்கொண்டு என்னை நானே திட்டக் கையும் வரவில்லை. கொஞ்சம் பதமாக எழுதினேன். பதமாக எழுத எழுத சுகமாகவும் இருந்தது. (இதைச் சொல்ல இன்னும் கூசுகிறது.)

வெள்ளிக்கிழமை ஈ.சி.ஆர் பஸ்ஸைப் பிடித்து நானே கோட்டக்குப்பம் போய்விட்டேன். பக்கத்தில் இருந்தால் சமாளிக்கலாம் என்று ஒரு கணக்கு. எப்போதும்போல் சாப்பிடச் சொன்னார்கள். சாப்பிட்டேன். ரஃபீக்கின் அம்மா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஷமீமா போனைத் திறந்தாள்.

"புதுசா இருக்குதேண்ணா, கலரெல்லாம்."

"அப்டேட்டு," என்றேன்.

அவள் படித்தாள். "குணா, அருமையான பதிவு. உன் எழுத்து நாளுக்கு நாள் மெருகேறுகிறது. தொடர்ந்து எழுது."

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. "யாருடி அது, ஸ்கூல் ஹெச்.எம்மா?"

"அண்ணன் பேருதாம்மா போட்டிருக்குது."

"அடுத்தது படி."

"நண்பா, நீ சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை."

"நிறுத்து."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "எம்புள்ள உன்ன நண்பான்னா கூப்புட்டான்? அவன் உன்ன ஒரு நாளாவது மனுஷன்னு சொல்லி நான் கேட்டதில்ல. இன்னா பண்ணின, குணா?"

சொன்னேன். மஞ்சள் பட்டை, வெள்ளைத் திரை, பன்னிரண்டு அட்டவணை, பாத்தி, சேறு எல்லாம் சொன்னேன். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"திரும்ப வராதா?"

"வராதும்மா."

எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஷமீமா போனைக் கவிழ்த்து வைத்தாள். "அண்ணன் போனப்ப துபாய்லேர்ந்து போன் பண்ணி சொன்னாங்க. உடம்ப அனுப்ப முடியாதுன்னு. அப்பவும் அம்மா இதத்தான் கேட்டாங்க. திரும்ப வராதான்னு." அப்புறம் சொன்னாள்: "நீங்க நேர்ல வந்து சொல்லியிருக்கீங்க. அந்த மட்டுக்கும் நல்லது."

அன்றைக்கு அந்தக் கூடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே சத்தமே இல்லை. அழுதிருந்தால்கூட எழுந்து ஓடியிருப்பேன்.

சாயங்காலத் தொழுகைக்கு அசர் பாங்கு சொன்னார்கள். அம்மா தொழுதுவிட்டு வெளியே வந்தார். முகம் கழுவியிருந்தார். எதிரே உட்கார்ந்தார்.

"எழுது."

"இன்னாம்மா?"

"அந்த போன எடுத்து எழுதுன்றேன். ஒன்பதாங்கிளாஸ் ஃபெயிலானவன் எழுதறான், ஒன்பதாங்கிளாஸ் பாஸானவன் படிக்கிறேன்…"

எட்டு மாச வெள்ளிக்கிழமை அது. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒரு சொல் மாறவில்லை, அவன் இழுத்துப் பேசுகிற இழுப்புகூட இருந்தது. நான் டைப் பண்ணினேன். நான் கல்யாணப் பந்தலில் விழுந்ததற்கு அவன் எழுதியது, என் முடிவெட்டுக்கு அவன் எழுதியது, என் கவிதைக்கு எழுதியது. கவிதைக்கு வந்தபோது நடுவில் நிறுத்தினார்.

"அப்புறம்மா?"

"அப்புறம் கெட்ட வார்த்த. நீயே போட்டுக்க, உனக்குத் தெரியும்."

எனக்குத் தெரிந்தது. போட்டேன். ஷமீமா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று நான் பார்க்கவில்லை.

சிலது பாதிதான் வந்தது. பிரியாணியைப் பற்றி ஒன்று, முன்பாதி அவருக்கு வரவே இல்லை. மூன்று வாரம் முயற்சி பண்ணினார். அதைப் பாதியாகவே போட்டு வைத்திருக்கிறேன். முன்னூறுக்கு மேல் இருந்ததில் அறுபதுக்குக் கொஞ்சம் மேலே தேறியது. மீதி போனது போனதுதான்.

இது நடந்து ஒரு வருஷம் ஆகிறது. அந்த வீட்டில் சாவியைக் காணோம், சீப்பைக் காணோம் என்றால், "குணா வந்து அப்டேட் பண்ணிட்டுப் போனானா?" என்பார்கள். சொந்தக்காரர்கள் வந்தால் என்னைக் காட்டி முதலில் இந்தக் கதையைத்தான் சொல்லுகிறார்கள். நண்பா என்று சொல்லும் இடம் வந்ததும் எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். நான் சாப்பாட்டில் கவனமாக இருப்பேன்.

போன மாசம் அம்மா ஒரு கமெண்ட் சொன்னார். "மூஞ்சி தெரியாத போட்டோவுக்கு எதுக்குடா புது போனு, உன் மூஞ்சி தெரியாம இருக்கிறதுதான் நல்லது." நான் பாதி டைப் பண்ணிவிட்டு நிறுத்தினேன். அந்த போனை நான் வாங்கி, அதில் எடுத்த போட்டோவை பிளாக்கில் போட்டு மூன்று வாரம்தான் ஆகிறது.

"இது அவன் எழுதினது இல்லையேம்மா."

"இல்ல. நான் சொல்றது. போடு."

"அவன் பேர்லயா?"

"என் பேர்ல போடு. அவன் பேர்ல பொய் எழுதினவன் நீதான், நான் இல்ல."

போட்டேன். அதிலிருந்து வாரம் ஒன்று வருகிறது. மகனைவிட மோசம். மகனிடமாவது திருப்பித் திட்ட முடிந்தது.

இந்தக் கட்டுரையையும் போன வெள்ளிக்கிழமை அவருக்குப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். "நாலு எடத்துல உன்ன நல்லவனா காட்டியிருக்க. அத்த எடுத்துடு," என்றார். சரி என்று நான் கையை வைப்பதற்குள் ஷமீமா போனைப் பிடுங்கி, முழுசாக ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொண்டுதான் திருப்பிக் கொடுத்தாள்.