கரண்டிகள் மேல் அலமாரிக்குப் போன வாரம்

ஃப்ரிட்ஜுக்கு ‘மாபா’ என்று பெயர் விழுந்தபோதுதான் விவகாரம் கைமீறிப் போகிறது என்று கலவைக்கு உறைத்தது.

“மாபா!” என்று ஃப்ரிட்ஜைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள் சிட்டு. வயது ஒன்றே முக்கால்.

“அது இல்ல செல்லம். மாபா நான்,” என்றார் கலவை பரிதாபமாக.

“சொல்லிக்கொடுக்கறப்ப எதுக்கு ஃப்ரிட்ஜ் கதவைப் பிடிச்சுட்டு நின்னே?” என்றாள் துணைவி.

“பால் எடுக்க.”

“பால் எங்கேர்ந்து வருதோ அதுக்குப் பேரு வெச்சிருக்கா. நியாயமாத்தான் இருக்கு.”

கலவைக்குப் பெயின்ட் கடையில் வண்ணம் கலக்கும் வேலை. கடையில் வைத்த பட்டப்பெயர் வீடு வரை வந்து ஒட்டிக்கொண்டது. தாம் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை என்பது விவரம் தெரிந்த நாளிலிருந்தே அவருக்குத் தெரியும். யாராவது துருவினால், “ரெண்டு கலருக்கும் நடுவுல இருக்கற ஷேடுன்னு நினைச்சுக்காதீங்க. இது வேற டப்பா,” என்று பேச்சை மூடிவிடுவார். அதில் துணைவிக்குக் குழப்பம் இல்லை, கடையில் யாருக்கும் குழப்பம் இல்லை. குழப்பம் ஒரு காகிதத்தில் வந்தது.

குழந்தைகள் காப்பகத்தில் சேர்ப்பதற்கான படிவம். ‘குழந்தை உங்களை எப்படிக் கூப்பிடும்?’ என்று கேட்டு இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில் துணைவி ‘அம்மா’ என்று எழுதிப் பேனாவை மூடிவிட்டாள். இரண்டாவது கட்டம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும்.

“இது எதுக்குங்க?” என்று காப்பகத்துக்குப் போன் போட்டுக் கேட்டார் கலவை.

“குழந்தை அழுதா, ‘இன்னார் வந்துடுவாங்க’ன்னு சொல்லித்தான் சமாதானம் பண்ணுவோம். பேரே இல்லேன்னா யாரு வருவாங்கன்னு சொல்றது?”

அந்தக் கேள்வி கலவையின் நெஞ்சில் பாய் போட்டு உட்கார்ந்துகொண்டது. சிட்டுவுக்கு இருபத்து மூன்று வார்த்தைகள் தெரியும். எண்ணிப் பார்த்திருக்கிறார். நிலாவுக்கு ஒன்று, செருப்புக்கு ஒன்று, எதிர்வீட்டுப் பூனைக்குக்கூட ஒன்று. ஆயிரத்து இருநூறு ஷேடுகளின் பெயரைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவர், சொந்த வீட்டில் லேபிள் இல்லாத டப்பா.

அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். எந்த நிறத்தையும் ஈரத்தில் பார்த்து முடிவு செய்யக்கூடாது. சுவர் ஓரமாக ஒரு கை பூசி, ஒரு நாள் காயவிட்டுப் பார்க்க வேண்டும். பெயரையும் நாளுக்கு ஒன்றாகப் பூசிப் பார்ப்பது என்று முடிவு செய்தார். அப்படித்தான் திங்கட்கிழமைக்கான மாபா, ஃப்ரிட்ஜோடு போயிற்று.

செவ்வாய்க்கிழமை ‘லல்லா’. ஜாக்கிரதையாக, ஃப்ரிட்ஜ் இல்லாத இடமாகப் பார்த்து, குளிப்பாட்டும்போது சொல்லிக்கொடுத்தார். சாயங்காலம் கடையிலிருந்து வந்து, வழக்கம்போல் கதவில் இரண்டு தட்டுத் தட்டினார். சாவி பையில் இருந்தாலும் தட்டித்தான் வருவார். நாள் முழுக்க பெயின்ட் டப்பா மூடியை ரப்பர் சுத்தியலால் ‘டொக், டொக்’ என்று இறுக்குகிற கை. வீட்டுக் கதவைப் பார்த்தாலும் சும்மா இருக்காது. உள்ளே, “லல்லா, லல்லா” என்று கொஞ்சல் கேட்டது. ஆசை ஆசையாக ஓடினார். சிட்டுவின் மடியில் குளியலறைக் குவளை படுத்திருந்தது.

கடையில் சொல்லி மூக்கைச் சிந்தினார். முதலாளியம்மா அனுபவசாலி. “வெறும் வாயில சொல்லுமா குழந்தை? சொன்னா பிஸ்கட்டுனு ஆசை காட்டு.”

புதன்கிழமை ‘ரீரீ’. பிஸ்கட்டுக்குப் பலன் இருந்தது. ஏழு தடவை ‘ரீரீ’ என்றாள். ஏழு தடவையும் கலவைக்குக் கண் கலங்கியது. எட்டாவது தடவை பிஸ்கட் டப்பாவைப் பார்த்து அதைவிட உருக்கமாகச் சொன்னாள்.

“மூணு பேரு காலி,” என்றாள் துணைவி. “வீட்ல இருக்கற சாமானுக்கெல்லாம் உன் பேரு. உனக்கு மட்டும்தான் இல்ல.”

“சிரிக்காதே. நாளன்னிக்குக் கட்டத்துல என்ன எழுத?”

“ஃப்ரிட்ஜைக் கூட்டிட்டுப் போய்க் கையெழுத்துப் போடச் சொல்லு.”

போதாக்குறைக்கு இன்னொரு தலைவலி. நாலு மாதமாகவே சிட்டு எதைக் கண்டாலும் தட்டினாள். கரண்டியால் கிண்ணத்தில் டொக், டொக். சீப்பால் தரையில் டொக், டொக். கீழ்வீட்டில் ஒரு நர்ஸ். ராத்திரி டியூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். சத்தம் கேட்டதும் கலவை போட்டது போட்டபடி, வாயில் பிரஷ்ஷோடுகூட ஓடி வருவார்.

“தட்டாதே தங்கம். நர்ஸ் ஆன்ட்டி சண்டைக்கு வருவாங்க!”

கரண்டியைப் பிடுங்கினால் அழ வேண்டிய குழந்தை, அவர் முகத்தைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிக்கும். அத்தனையும் கொழுப்பு என்று நினைத்துக்கொண்டார். கரண்டிகள் மேல் அலமாரிக்குப் போயின. சிட்டு செருப்பை எடுத்தாள். செருப்புகள் பரணுக்குப் போயின. வியாழக்கிழமை காலை சீப்பைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, தரை முழுக்கக் கம்பளம் விரித்துவிட்டுத்தான் கடைக்குக் கிளம்பினார் கலவை.

மாலை வந்ததும் சமையலறையில் படிவத்தோடு உட்கார்ந்தார். வீடு பஞ்சுப்பொதி மாதிரி அமைதியாக இருந்தது. நான்காவது பெயர் ஒன்று தட்டுப்படுமா என்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கூடத்தில் அழுகை வெடித்தது.

பதறி ஓடினார். சிட்டு கம்பளத்தின் நடுவே உட்கார்ந்து, உள்ளங்கை சிவக்க அதை அடித்துக்கொண்டிருந்தாள். பொத், பொத். கம்பளம் வாயைத் திறக்கவில்லை. அவரைப் பார்த்தும் தேம்பல் அடங்கவில்லை. இப்படி அவள் அழுது அவர் பார்த்ததே இல்லை.

அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி. வாசலில் கீழ்வீட்டு நர்ஸ், கையில் சாவிக்கொத்தோடு.

“மன்னிச்சிடுங்க,” என்று முந்திக்கொண்டார் கலவை. “கரண்டியெல்லாம் எடுத்து வெச்சாச்சு. இனிமே சத்தமே வராது.”

“அதைத்தான் கேக்க வந்தேன். காலையிலேர்ந்து சத்தமே காணோம். குட்டிக்கு உடம்பு சரியில்லையோன்னு தூக்கமே வரல.”

“உங்களுக்குத் தொந்தரவா இருக்குமேன்னு...”

“பதினெட்டு வருஷமா வார்டுல பெல் அடிச்சா எழுந்து ஓடறவ நான். சத்தம் வேற, கூப்பிடறது வேற.”

சொல்லிக்கொண்டே உள்ளே வந்து, சாவிக்கொத்தைச் சிட்டுவின் கையில் கொடுத்தார் நர்ஸ். தேம்பல் நின்றது. சிட்டு எழுந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தட்டினாள். டொக், டொக். தட்டிவிட்டுக் காத்திருந்தாள், கலவையையே பார்த்தபடி.

சத்தம் கேட்டுத் துணைவி மாடியிலிருந்து துணிக்கூடையோடு இறங்கி வந்தாள். சிட்டு அவளைப் பார்த்து, “அம்மா,” என்றாள் தெளிவாக. பிறகு கலவையின் பக்கம் திரும்பினாள். டொக், டொக்.

“தினம் சாயங்காலம் வந்ததும் கதவுல எத்தனை தட்டு தட்டறீங்க?” என்று கேட்டார் நர்ஸ்.

“ரெண்டு...” என்றார் கலவை.

“உங்க பொண்ணு உங்களுக்குப் பேரு வெச்சு நாலு மாசமாச்சு, அவ கூப்பிடறப்பல்லாம் ஓடி வந்து, ‘அப்படிக் கூப்பிடாதே’ன்னு கரண்டியப் பிடுங்கிட்டுப் போறது நீங்கதான்.”