முதுகு மேனேஜரின் ராஜினாமா

பாகூர் கொம்யூனைச் சேர்ந்த ஊர்களில் அந்த முதுகைப் பார்த்து நடுங்காத கபடி டீம் ஒன்றுகூடக் கிடையாது. முகத்தைப் பார்த்து நடுங்கினாலாவது ஓர் அர்த்தம் இருக்கிறது. எங்கள் மேனேஜருக்கு முகம் என்று ஒன்று இருப்பதற்கு அவருடைய மாவு மில்லுக்கு வரும் பெண்கள்தான் சாட்சி. ஆட்டம் தொடங்க விசில் ஊதியதும் களத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்பார். ஆட்டம் முடியும்வரை திரும்ப மாட்டார். பெற்றவர்கள் ஏதோ பெயர் வைத்திருந்தார்கள். ஊருக்கு அவர் முதுகு மேனேஜர். எதிரில் நிற்கும்போது மட்டும் வெறும் மேனேஜர்.

பார்க்காமல் எப்படி மேனேஜர் வேலை பார்ப்பது என்று கேட்பீர்கள். எல்லாம் காதுதான். நான் ரெய்டு போனால், என் மூச்சை வைத்தே, "குணா, தம்மு எறங்குது, கோட்டுக்கு வாடா" என்பார். இரண்டு அடி கூடுதலாக உள்ளே போகலாம் என்று நினைத்தால், அந்த நினைப்பும் அவர் காதில் விழுந்துவிடும்.

எதிர் டீம்காரர்கள், "நம்மளத் திரும்பிக்கூடப் பாக்க மாட்றாருபா. அப்போ உள்ள எவ்ளோ வச்சிருப்பாரு" என்று பேசிக்கொள்வார்கள். மந்திரம் போடுகிறார் என்றும் ஒரு பேச்சு. ஒரு டீம் மந்திரத்தை முறிக்க எலுமிச்சம்பழம் ஒன்றை அவர் பின்னால் உருட்டிவிட்டது. அவர் திரும்பாமலே, "எவனோ பழம் போட்டுட்டான், கால் வழுக்கும், எடுத்துடுங்கடா" என்றார். அதற்குப் பிறகு அந்த டீமில் யாரும் எங்களைத் தொட்டதாக நினைவில்லை.

நாங்களும் அவருக்குப் பயந்தோம். ஆட்டம் முடிந்ததும் ஏழு பேரும் அவர் முதுகுக்குப் பின்னால் வரிசையாக நின்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்ல வேண்டும். ஏழாவது பெயர் காதில் விழுந்த பிறகுதான் திரும்புவார். ஜெயித்தோமா தோற்றோமா என்பதையெல்லாம் அதற்குப் பிறகுதான் கேட்பார். போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுவது போல அதைச் செய்துகொண்டிருந்தோம்.

அந்த வருஷம் தீபாவளிக்குப் பிறகு பாகூர் ஏரிக்கரை ஓரம் ஒரு மாட்ச். கடைசி ரெய்டில் எங்கள் செல்வத்தின் மேல் நாலு தடியன்கள் விழுந்தார்கள். விசில் ஊதிவிட்டார்கள். நாங்கள் ஆறு பேர் போய்ப் பெயர் சொன்னோம். ஏழாவது பெயர் வரவில்லை. மேனேஜர் கொஞ்சம் பொறுத்தார். பிறகு, சொல்லாமல் கொள்ளாமல் திரும்பிவிட்டார். செல்வம் மண்ணில் அசையாமல் கிடந்தான். அவனுக்கு மூச்சுதான் அடைத்திருந்தது. சோடா தெளித்ததும் எழுந்து மிச்ச சோடாவைக் குடித்துவிட்டான். அதற்குள் மேனேஜரின் டி.வி.எஸ். ஃபிஃப்டி ஏரிக்கரை திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் வாட்ஸ்அப் குரூப்பில் குரல் பதிவு வந்தது. "நான் மேனேஜர் வேலைய வுட்டுட்டேன்பா. காரணம் கேட்டு யாரும் மில்லு பக்கம் வர வேணாம். மாவு அரைக்கறவங்க வரலாம்."

ஊர் அன்று வேலைக்கே போகவில்லை. டீக்கடையில் ஆளுக்கொரு ஆரூடம். அவருடைய மச்சான் பிரான்ஸில் இருக்கிறார், ஸ்பான்சர் வந்துவிட்டது, அங்கே போய்க் கபடி டீம் தொடங்கப் போகிறார் என்றார் ஒருவர். அடுத்த எலெக்‌ஷனில் சுயேச்சையாக நிற்கப் போகிறார் என்றார் இன்னொருவர். "மேடையிலயும் திரும்பி நின்னுதான் ஓட்டுக் கேப்பாரா" என்று கேட்டதும் அவர் பேச்சைப் பிரான்ஸுக்கே திருப்பிவிட்டார். மூன்றாவது ஆரூடம் வந்ததும் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "திருபுவனை டீமுக்குப் போறாருபா."

திருபுவனை டீமைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். எல்லாரும் அங்கே கம்பெனிகளில் லோடு ஏற்றி இறக்குகிறவர்கள். எங்களைத் தூக்குவது அவர்களுக்கு ஓவர்டைம்கூட ஆகாது. காணும் பொங்கல் டோர்னமென்டில் முதல் ஆட்டமே எங்களுக்கு அவர்களோடுதான். இதுவரை எங்கள் எலும்புகள் முழுசாக இருந்ததற்கு ஒரே காரணம், அவர்களும் அந்த முதுகுக்குப் பயந்ததுதான். அதுவே அந்தப் பக்கம் போய்விட்டால் நாங்கள் ஏழு பேரும் பொங்கல் கரும்புதான்.

புது மேனேஜராக ரிட்டயர்டு ஏட்டு ஒருவர் வந்தார். அவருக்கு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நாங்கள் தண்ணீர் குடித்தாலும் பக்கத்தில் நின்று பார்ப்பார். முதல் நாள் பிராக்டிசுக்கே ஒரு ஷேர் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"இது இன்னாத்துக்கு சார்?" என்று கேட்டேன்.

"ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போவ. முன்னேற்பாடு."

ஆட்டோ டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்து, சீட்டில் கிடந்த சாமானை எடுத்து வைத்து இடம் பண்ணினார். எனக்கு ஒன்றும் ஆகாமலேயே முட்டி நொண்ட ஆரம்பித்தது.

இனி பொறுப்பதில்லை என்று அம்மாவிடம் பச்சரிசி வாங்கிக்கொண்டு மில்லுக்குப் போனேன். மேனேஜர் மெஷினைப் பார்த்து, எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். முதுகு சுத்தமாக இருந்தது. மாவெல்லாம் முன்பக்கம்தான் இருக்கும்.

"ணா, திருபுவனை டீமுக்குப் போறீங்களாமே."

"அரிசி ஈரமா கீது. காய வச்சி எடுத்துனு வா."

"ணா, நெசமா சொல்லுங்க. எங்களுக்கு ராத்திரில தூக்கமே வர்ல."

மெஷினை நிறுத்தினார். பெல்ட் சுற்றி ஓய்ந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"எனக்கு மட்டும் வருதா? அன்னிக்குத் திரும்பிப் பாத்துட்டேன்டா. செல்வம் கெடந்தான் பாரு, அதேதான் கண்ணுல நிக்குது."

"அவன் அப்பவே எழுந்துட்டான் ணா. மறுநாளே பரோட்டா துன்னான்."

"நீ பாத்த. நான் பாக்கல." மாவுக் கையால் மூஞ்சியைத் துடைத்து அதை இன்னும் வெள்ளையாக்கிக்கொண்டார். "எவனாவது வுழுந்தா எனக்குக் கை கால் வெடவெடன்னு ஆயிடும். அதாங்காட்டியும் திரும்பி நிக்கறது. ஏழு பேரும் குரல் குடுத்தாதான் எனக்கு உசுரு வரும். இதப்போய் எவன்கிட்டடா சொல்றது?"

நான் அரிசிப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொம்யூனையே நடுங்கவைத்த முதுகு, உண்மையில் நடுங்கிக்கொண்டிருந்த முதுகு. பாவமாகவும் இருந்தது, பயம் இரண்டு மடங்காகவும் ஆனது. இது மட்டும் திருபுவனைக்குத் தெரிந்தால் எங்களுக்கு ஷேர் ஆட்டோ போதாது, லாரி வேண்டும். செல்வத்திடம்கூட நான் மூச்சு விடவில்லை.

காணும் பொங்கல் வந்தது. திருபுவனைக்காரர்கள் களத்துக்கு வந்ததும் முதலில் எங்கள் பக்கம்தான் பார்த்தார்கள். முதுகு இல்லை. ஏட்டு இருந்தார், அதுவும் முன்பக்கமாக. அவர்களுடைய கேப்டன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியர்க்கும். முதல் பாதியில் எங்களை நெல் மூட்டை மாதிரி அடுக்கினார்கள். ஏட்டு கோட்டோரமாகக் கூடவே ஓடி, "அடிபட்டாதான்டா வீரம்" என்று கத்தினார். ஆட்டோ டிரைவர் வண்டியைத் திருப்பி நிறுத்திக்கொண்டார்.

இரண்டாம் பாதியில் நான் ரெய்டு போனேன். மூன்று பேர் கை கோத்து நெருங்கினார்கள். கேப்டன் என் காலைப் பார்த்தான். முடிந்தது என்று நினைத்த நேரத்தில் கூட்டத்துக்கு அப்பால் கரும்பு ஜூஸ் கடைப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"குணா, தம்மு எறங்குது. கோட்டுக்கு வாடா."

கேப்டனும் அந்தப் பக்கம் பார்த்தான். அங்கே வெள்ளைச் சட்டையில் அந்த முதுகு நின்றிருந்தது. "டேய், வந்துட்டாருடா" என்று கோத்திருந்த கையை விட்டுவிட்டான். நான் எப்படிக் கோட்டுக்கு வந்தேன் என்று எனக்கே தெரியாது. அதற்குப் பிறகு அவர்கள் எங்களைக் கண்ணாடிச் சாமான் போலத்தான் பிடித்தார்கள். முதல் பாதியில் வாங்கியது அதிகம் என்பதால் தோற்றுத்தான் போனோம். ஏட்டு மண்ணை உதறிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். வேறு யாரும் அதில் ஏறவில்லை.

நாங்கள் நேராக ஜூஸ் கடைக்குப் போனோம். பக்கத்தில் போனபோதுதான் பார்த்தேன், கடை மேஜையின் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தார். மேஜையே ஆடிக்கொண்டிருந்தது. யாரும் சொல்லாமலே வரிசையாக நின்றோம். ஒவ்வொருவராகப் பெயர் சொன்னோம். ஏழாவதாகச் செல்வம். அவன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னான்.

மேனேஜர் திரும்பினார். முகமெல்லாம் நனைந்திருந்தது. "ஜூஸ் தெறிச்சிடுச்சிடா" என்றார். அவர் ஜூஸே வாங்கியிருக்கவில்லை.

ராஜினாமாவை அவர் இன்றுவரை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் எந்த மாட்சாக இருந்தாலும் ஏதாவது ஒரு கடையோரம் அந்த முதுகு நின்றுவிடுகிறது. நான் இப்போது ஆடுவதில்லை, டவுனில் வேலை. போன மாதம் வில்லியனூர் ரோட்டில் மழையில் பைக் சறுக்கி விழுந்தேன். எழுந்து மண்ணைத் தட்டுவதற்கு முன்னால், என்னை அறியாமலே என் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். அவர் திரும்ப வேண்டாமா.