மஞ்சள் விளக்கு வதைப் படலம்

வாழ்க தில்லைநாயகம்! காப்பீட்டு அலுவலகக் கோப்புகளைக் கண்ணசைவிலேயே நடுங்கவைத்த கோமான், சமாதானபுரம் மூன்றாம் தெருவின் சிங்கம், பொருநை நீர் உண்டு வளர்ந்த பெருந்தோளர்! அவர் ஒற்றை மஞ்சள் விளக்கோடு பொருத பெரும்போரை நாம் பாடாவிட்டால் வேறு யார் பாடுவார்?

அவருடைய தேர் சிவப்பு நிறத்தது, டர்போ பூண்டது, மிதித்தால் வேங்கையெனப் பாய்வது. ஒரு மாதத்துக்கு முன் அது வீட்டு வாசலுக்கு வந்த நன்னாளில், அவருடைய இல்லத்தரசி பிருந்தா எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த சரத்தோடு வந்து நிற்க, தெருவே கேட்கும்படி முழங்கினார் நம் வீரர்:

“அறிவியல் ஓட்டுத வண்டிக்கு எலுமிச்சம்பழமா? ஊரு சிரிக்கும் பிருந்தா!”

பிருந்தா சரத்தைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார். அதன்பின் மூன்று நாள் அந்த வீட்டில் மிக்ஸி மட்டுமே பேசியது.

இப்போது வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை. சேரன்மகாதேவியில் மைத்துனன் கணேஷ்ராமின் புதுவீட்டுப் பால்காய்ப்பு. முகூர்த்தம் பத்தரை. காலை ஏழு மணிக்கே புறப்பட்ட தேர், தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கியதுதான் தாமதம், முகப்பில் பளிச்சென்று எரிந்தது மஞ்சள் விளக்கு. ‘எரிபொருள் அழுத்தக் கோளாறு’ என்றது திரை. டர்போ மூர்ச்சையுற்றது. வேங்கை வெள்ளாடாயிற்று. சைக்கிளில் கீரை விற்பவர் மணியடித்தபடி முந்திப் போனார்.

பழைய காரே போதும் என்றிருக்கும் கணேஷ்ராம் முன்பே கேட்டிருந்தான்: “அத்தான், டர்போ தள்ளுதா, நீங்க தள்ளுதீயளா?” அந்தச் சொல் முள்ளாய்த் தைத்திருக்க, இல்லத்தரசியின் பிரகடனம் எழுந்தது.

“ஒம்பது மணிக்குள்ள அந்த வெளக்கு அணையலன்னா நான் பஸ்ல போயிருவேன். நீங்க தனியா கார்ல வந்து எறங்குங்க. எந்தம்பிக்கு நீங்களே பதில் சொல்லிக்கிடுங்க.”

மனைவி பஸ்ஸிலும் கணவன் டர்போவிலுமா? மாமனார் வீட்டார் நாற்பது பேர் முன்னிலையிலா? கொதித்தெழுந்தார் வீரர். சாவியைத் திருகி அணைத்து மீண்டும் முடுக்கினார். விளக்கு மறைந்து, அடுத்த வேகத்தடையில் உயிர்த்தது. டேங்கு வழிய பெட்ரோல் நிரப்பினார். மறைந்து, பாலத்துப் பள்ளத்தில் உயிர்த்தது. பேட்டரி வயரைக் கழற்றிப் பத்து நிமிடம் பட்டினி போட்டார். மேலப்பாளையம் முக்கில் மீண்டும் உயிர்த்தது, வெட்ட வெட்ட முளைக்கும் அரக்கன் தலைபோல.

அங்கேதான் ஞாயிறன்றும் திறந்திருந்தது தாஜ் முகம்மதுவின் ஒர்க்‌ஷாப். அந்த மெக்கானிக் மன்னர் அழுத்தமானியை மாட்டிப் பார்த்தார், மோவாயைத் தடவினார், தீர்ப்பு வழங்கினார்.

“பெட்ரோல் அழுத்தம் கச்சிதமா இருக்கு அண்ணாச்சி. சென்சாருதான் பொய் சொல்லுது. குலுங்கும்போது மட்டும் வருதுன்னா வயரு லூசு. இந்தக் கருப்பு மூடியக் கழத்திப் பாத்திருவோம்.”

எஞ்சின் மேலிருந்த அந்த மூடியைக் கண்டதும் வீரர் பாய்ந்து வந்து குறுக்கே நின்றார். ஏதோ ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது.

“பாய்! வேற எதையும் கழத்தும். மூடிய மட்டும் தொடாதேயும்!”

அக்கணம் சாலையில் சேரன்மகாதேவி பஸ் போர்ச்சங்கென ஊதிக்கொண்டு வந்தது. மணி எட்டு ஐம்பத்தேழு. பிருந்தா பையை எடுத்துத் தோளில் மாட்டினார். ஒருபுறம் மானம், மறுபுறமும் மானம். நடுவே நின்ற தில்லைநாயகம், ஆயுதம் இழந்த அரசன்போலத் தலைகவிழ்ந்தார்.

“கழத்தும் வே.”

மூடி எழுந்தது. உள்ளே, சென்சார் வயரில் இறுக முடிந்து தொங்கியது ஒரு சுண்டிய எலுமிச்சம்பழம், ஏழு மிளகாய், அவற்றின் கீழே முட்டை பருமனில் ஒரு படிகாரக் கல். மனைவி கோயிலுக்குப் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை மாலையில், அறிவியலை ஒருமுறை கும்பிட்டுவிட்டு அவரே கட்டியது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அது யானைமணியாய் ஆடி, சென்சாரின் சொருகியை இழுத்து இழுத்துத் தளர்த்தியிருந்தது.

தாஜ் முகம்மது சரத்தை அறுத்து, சொருகியைக் கட்டைவிரலால் அமுக்கினார். ‘டக்’. விளக்கு மாண்டது.

பிருந்தா சரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நான் பழமும் மொளகாயும் மட்டுந்தான சொன்னேன்? படிகாரம் எதுக்கு?”

வீரர் மும்முரமாய்ச் சாவியைத் தேடினார். பஸ் போய்விட்டது. பிருந்தா முன்னிருக்கையில் ஏறி, சரத்தை மடியில் வைத்துக்கொண்டார். வேங்கை உறுமிற்று, டர்போ விழித்தது, வயற்பசுமை இருபுறமும் கவரி வீச, வேகத்தடைகள் வணங்கி வழிவிட, விளக்கை வதைத்த பெருவீரர் பத்தேகாலுக்கு மனைவியோடு மைத்துனன் வாசலில் வெற்றிவாகை சூடி இறங்கினார்.

சரம் இப்போது முன்பக்க நம்பர் பிளேட்டில் தொங்குகிறது.